ஸ்பாஞ்சில் நான் பூ குத்தமாட்டேன்

பிரபு,

இதை உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு நீல டிக் விழும், கீழே ஒரு கும்பிடு பொம்மை வரும், அத்தோடு கதை முடிந்துவிடும். அதனால்தான் நம் மேடை அலங்காரக்காரர்கள் சங்கத்து மாத இதழில் எழுதுகிறேன். 'முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறீர்கள், அனுபவத்தை நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள்' என்று ஆசிரியர் ஆறு மாதமாக என்னைத் துளைத்துக்கொண்டிருந்தார். என் அனுபவத்தில் பெரும்பகுதி நீதான். ஆகவே உனக்கே எழுதுகிறேன், ஊரும் படிக்கட்டும். உன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இந்த நேரத்தில் அம்மா மானத்தை வாங்கிவிட்டாள் என்று நீ கோபப்படுவாய். படு. கோபம் ஆறியதும் முதலிலிருந்து இன்னொரு தடவை படி.

விஷயம் என்னவென்று மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் அல்லவா? போன செவ்வாய்க்கிழமை அழைப்பிதழ்க் கட்டை எடுத்துக்கொண்டு உன் அசோக் நகர் ஆபீசுக்கு வந்தேன். மந்தைவெளி ஷெட்டில் ஆட்களை வைத்து மேடை கட்டுவது நான், அசோக் நகரில் கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்டு ஆர்டர் பிடிப்பது நீ. நாலு வருடமாக நம் ஏற்பாடு அதுதான். நீ யாரோ ஒரு குடும்பத்தோடு பேசிக்கொண்டிருந்தாய். கை கழுவலாம் என்று பின்பக்கம் போனேன். பாத்ரூமுக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. மேல் பெட்டி திறந்திருந்தது. உள்ளே செங்கல் செங்கலாகப் பச்சை ஸ்பாஞ்ச். தண்ணீரில் ஊறவைத்து, பூக்காம்பைக் குத்தி நிறுத்துவார்களே, அந்த ஸ்பாஞ்ச். பத்து வருடமாக நம் ஷெட் வாசலை நான் தாண்டவிடாத பொருள்.

"இன்னாடா இது?" என்று கேட்டேன்.

"கத்தாதம்மா, வெளிய கிளையண்ட் இருக்காங்க. இது ஆர்டருக்கு இல்ல. என் கல்யாணத்துக்கு. இந்த ஒரு தடவைதான்."

"உன் கல்யாணத்துக்கு ஸ்பாஞ்சு எதுக்குடா?"

நீ போனை எடுத்து ஒரு படம் காட்டினாய். மேடை அகலத்துக்கு வெள்ளையும் ஊதாவுமாக ஒரு பூச்சுவர். நடுவில் விரல் நுழைய இடமில்லை. விமானத்தில் வந்து இறங்குகிற பூ, அதில் பாதிக்குச் சாயம் ஏற்றியிருந்தார்கள். "இதே மாதிரி வேணும்மா. நம்ம கிளையண்ட்ஸ் அத்தன பேரும் ரிசப்ஷனுக்கு வருவாங்க. அவங்க முன்னாடி வாழத்தண்டையும் சாமந்தியையும் வச்சா, இவன் கல்யாணமே இவ்ளோதானான்னு நினைப்பாங்க. மேல இலை வச்சி மறைச்சிட்டா ஸ்பாஞ்சு இருக்கறது யாருக்கும் தெரியாது. நாம விக்கறது பூ இல்லம்மா, போட்டோ."

எனக்குக் கோபம் வந்தது அதைக் கேட்டுக்கூட இல்லை. உன் ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிற படத்தைப் பார்த்துத்தான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலை கலைந்து, வாழைத்தண்டில் சம்பங்கி குத்திக்கொண்டிருக்கிறேன் அதில். நான் பார்க்காதபோது நீ எடுத்தது. கீழே கொட்டை எழுத்தில், 'மண்ணுக்குத் தீங்கில்லாத மேடைகள்.' முன்னால் என் மூஞ்சி, பின்னால் ஸ்பாஞ்ச் பெட்டி. என் மூஞ்சியைக் காட்டி ஊர்க்காரர்கள் காதில் பூச் சுற்றுகிறாயா? அந்தப் படத்தை எடு, இல்லாவிட்டால் அந்தப் பெட்டிகளை எடு என்றேன். "அப்புறம் பேசலாம்மா" என்றாய். நேரில் உட்கார்ந்து பேசுகிற அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

நீ மனதுக்குள் என்ன நினைக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, பழைய காலத்து ஆள், புதுசு எதுவும் பிடிக்காது, அதான் பிடிவாதம் என்று நினைக்கிறாய். தப்பு. மந்தைவெளியில் எங்கள் வட்டாரத்துக்கு ஸ்பாஞ்சை முதலில் கொண்டுவந்தவளே நான்தான். உன் அப்பா கல்யாண மண்டபங்களுக்கு சீரியல் செட் லைட் போட்டுக்கொண்டிருந்தார். நான் மயிலாப்பூர்க் குளத்துப் பக்கம் பூ கட்டி விற்றுக்கொண்டிருந்தேன். லைட் போடப் போன இடத்திலெல்லாம் அவர், "என் வூட்டம்மா பூ வேலை நல்லா செய்யும், ஒரு தபா குடுத்துப் பாருங்க" என்று சொல்லிச் சொல்லித்தான் எனக்கு மேடை வேலை வந்தது. தி.நகரில் ஒரு ரிசப்ஷன் வேலையின்போது ஏஜெண்ட் ஒருவன் வந்து அந்தப் பச்சைக் கல்லைக் காட்டினான். எனக்குக் கண் விரிந்துவிட்டது. பூவை எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் நிறுத்தலாம், மறுநாள்வரை வாடாது, நாலு ஆள் வேலையை ஒரு ஆள் செய்துவிடலாம். கையில் அழுத்தக்கூடாது, தண்ணீர்மேல் மெல்ல வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், அதுவே குடித்துக் குடித்து மூழ்கும். உனக்கு அப்போது பத்து வயது. நீல டிரம்முக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு ஏறி நின்று, எந்தக் கல் முதலில் மூழ்கும் என்று அப்பாவோடு பந்தயம் கட்டுவாய். எனக்கு அப்போது இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. மற்றவர்கள் சணல் கட்டி, ஊசி கோத்து மல்லாடிக்கொண்டிருக்க, நான் ஒருத்திதான் ஃபேஷன்.

அப்பா போனபோது நீ எட்டாவது. அதற்குப் பிறகு ஒரு முகூர்த்தத்தைக்கூட நான் விட்டதில்லை. விட்டால் வேறு ஆள் உள்ளே வந்துவிடுவான் என்ற பயம். அந்தப் பயத்தில் செய்த ஒன்றை உனக்கு இதுவரை சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

நம் தெருமுனையில் துலுக்காணம் மாடு வைத்திருந்தாரே, உனக்குப் பால் ஊற்றியவர், அவரை உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். மண்டபத்தில் வேலை முடிந்து வரும்போது மேடைப் பூவை அவர் மாடுகளுக்குக் கொட்டிவிட்டு வருவது நம் வழக்கம். ஒவ்வொரு பூவாக ஸ்பாஞ்சிலிருந்து உருவி, கம்பி, குண்டூசி, பச்சை டேப் எல்லாவற்றையும் தனியாக எடுத்துவிட்டுத்தான் கொட்ட வேண்டும். நீ பிளஸ் டூ படித்த வருடம், வைகாசியில், அடுத்தடுத்து இரண்டு முகூர்த்தம். அடையாறில் மேடையைப் பிரித்த கையோடு மயிலாப்பூரில் கட்ட வேண்டும். ஆட்கள், "அக்கா, உருவறதுக்கு டைம் இல்ல" என்றார்கள். நான், "அப்படியே கொட்டுங்கப்பா, அவர் பாத்து எடுத்துப்பாரு" என்றேன். நான்தான் சொன்னேன். வேறு யாரும் இல்லை.

பத்துப் பன்னிரண்டு நாளில் அவருடைய பசு வெள்ளச்சி தீனி எடுக்கவில்லை, அசை போடவில்லை. கால்நடை டாக்டர் வருவதற்குள் போய்விட்டது. வயிற்றைக் கிழித்துப் பார்த்தபோது பார்க்கக் கூடிய கூட்டத்தில் நானும் ஒருத்தி. "கம்பி குத்தியிருக்கு, போதாக்குறைக்கு பிளாஸ்டிக் வேற" என்று சொல்லி டாக்டர் எதையோ வெளியே எடுத்துப் போட்டார். சாணி பூசிய ஒரு உருண்டை. ஓரத்தில் கொஞ்சம் பச்சை தெரிந்தது, நம் டேப்பும் தெரிந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. துலுக்காணத்துக்குத் தெரியவில்லை. அவர் நேராகத் திரும்பி, மூன்று வீடு தள்ளி இட்லிக்கடை வைத்திருந்த செல்லம்மாவைப் பார்த்துக் கத்தினார். அவள் பாத்திரம் தேய்த்த கம்பியையும் மீந்த இட்லியையும் ஒரே கவரில் கட்டித் தெருவில் வைக்கிறவள், அது எல்லோருக்கும் தெரியும். "உன் கவரு, உன் கம்பி! என் மாட்டைக் கொன்னுட்டியேம்மா!" என்று அவர் அழ, "நான் இல்லண்ணா, சாமி சத்தியமா நான் இல்லண்ணா" என்று அவள் அழ, நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மாட்டைக் கொன்ற டெக்கரேஷன்காரி என்று பேர் வந்தால் எந்த மண்டபத்தில் நம்மை உள்ளே விடுவார்கள், உன்னை எப்படிப் படிக்கவைப்பேன் என்றெல்லாம் அந்த நிமிடத்திலேயே கணக்குப் போட்டது என் மனசு. காரணம் சொல்கிறேன், நியாயம் சொல்லவில்லை.

இன்னும் கேள். அடுத்த வருடம் துலுக்காணம் மகளுக்குக் கல்யாணம் வைத்தார். மேடை நான்தான் கட்டினேன். கூலி வேண்டாம் என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு, அதே ஸ்பாஞ்சில் கட்டினேன். தெருவில் எல்லா வீட்டுக்கும் பத்திரிகை போயிற்று, செல்லம்மா வீட்டுக்குப் போகவில்லை. மாடு செத்ததும் அம்மா மனம் திருந்திவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. அதற்குப் பிறகும் இரண்டு வருடம் ஓட்டினேன். ஒரே ஒரு மாற்றம், உபயோகித்த ஸ்பாஞ்சை ஷெட்டுக்குப் பின்னால் குழியில் போட்டு மூடச் சொன்னேன். மண்ணுக்குள் போனால் மண்ணாகிவிடும் என்று நம்பினேன். ஒருநாள் தண்ணீர்க் குழாய் போட அந்த இடத்தைத் தோண்டினார்கள். இரண்டு மழைக்காலம் கிடந்தது அப்படியே பச்சை மாவாக வந்தது. கையில் எடுத்தால் விரல் இடுக்கில் வழிகிறது, மூக்கில் ஏறுகிறது. சாயங்காலம் ஒரு மழை பெய்து, தெரு முழுக்கப் பச்சைத் தண்ணீராக ஓடிக் கால்வாயில் போய் விழுந்தது. பிள்ளைகள் அதில் காகிதக் கப்பல் விட்டார்கள். அன்றைக்குத்தான் நிறுத்தினேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

நிறுத்தியதும் எல்லாம் சுபம் என்று நினைக்காதே. ஸ்பாஞ்ச் இல்லாமல் கட்டிய முதல் பெரிய மேடை மயிலாப்பூரில் ஒரு பாட்டு டீச்சர் வீட்டுக் கல்யாணம். காலையில் முகூர்த்தம், சாயங்காலம் ரிசப்ஷன். நான் பெருமையாக முந்தின நாளே எல்லாப் பூவையும் குத்தி முடித்துவிட்டேன். மத்தியானம் பந்தி நடக்கும்போது அந்த டீச்சர் மாமி மேடையைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "என்னடீம்மா இது? சாயங்காலம் சம்பந்தி ஆத்து மனுஷா எல்லாம் வரப்போறா, உன் பூவெல்லாம் இப்பவே தலையைத் தொங்கப் போட்டுண்டு நிக்கறதே! நான் யார்கிட்டன்னு போய்ச் சொல்லிண்டு நிப்பேன்?" அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. மூன்று மணிக்குள் பாதி மேடையைப் பிரித்து, கிடைத்த பூவை வைத்து ஒப்பேற்றினேன். மாமி பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை. இரண்டாவது பெண் கல்யாணத்துக்கு வேறு ஆள் வந்தான், அந்த மண்டபத்து வழியாகப் போகும்போது பார்த்தேன். நல்லாத்தான் கட்டியிருந்தான், ஸ்பாஞ்சில்.

அதற்குப் பிறகு விழுந்து எழுந்து கற்றுக்கொண்டதுதான் இன்றைக்கு நீ சுவரில் மாட்டி விற்கிற வித்தை. மூங்கில் சட்டமும் துணியும் இலையும் முந்தின நாள், பூ மட்டும் அன்றன்றைக்கு. வாழைத்தண்டை நெடுக்காகப் போட்டு அதில் பூ குத்தினால் அதன் நீரே பூவுக்குப் போதும். வேலை முடிந்ததும் தண்டையும் மாடு தின்னும். காம்பு நீளமான பூவுக்குப் பித்தளை அண்டாவில் தண்ணீர் ஊற்றி, உள்ளே கோழி வலையைச் சுருட்டி வைத்து நிறுத்துவது; அந்த வலை பத்து வருடமாக அதே வலை. வெட்டித் தூக்கியெறிகிற தெர்மாகோல் பெயர்ப்பலகைக்குப் பதில் முறத்தில் கோலமாவால் பெயர். மழை மாதத்தில் தாமரை கேட்டால், கிடைக்காது, கோழிக்கொண்டை போடுகிறேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்வது. சொல்லிக் கெட்ட ஆர்டரும் உண்டு, நிலைத்த ஆர்டரும் உண்டு. பாதிப்பேர் போனார்கள், மீதிப்பேரை வைத்துத்தான் உன்னைக் காலேஜ் படிக்கவைத்தேன்.

இவ்வளவும் செய்தேனே தவிர, துலுக்காணத்திடம் வாயைத் திறக்கவில்லை. ஸ்பாஞ்சை விட்டுவிட்டேனே, அதுவே பிராயச்சித்தம் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். உன் பெட்டிகளைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினபோதுதான் உறைத்தது. மேலே இலையை வைத்து மறைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நீ சொன்னாய் பார், அதையே நான் பன்னிரண்டு வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன். நீ வேறு எங்கே கற்றுக்கொள்வாய்? உன்னை அதட்ட எனக்கு வாய் இருக்க வேண்டுமானால் முதலில் நான் சொல்லியாக வேண்டும். வியாழக்கிழமை காலையில் போனேன். மாடுகளை விற்றுவிட்டு இப்போது மந்தைவெளி ஸ்டேஷன் பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேனாக இருக்கிறார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத்தினி வருசம் கழிச்சி இன்னாத்துக்கும்மா சொல்ற?" என்றார். "எனுக்கு மாடு போச்சி, சரி, அது போனது போனதுதான். நான் அந்தப் பொம்பளைய நாயே பேயேன்னு திட்னேனே, அது யார் கணக்குல கீது? என் பொண்ணு கல்யாணத்துக்கு அதைக் கூப்பிடக்கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னேனே. நீ என்னாண்ட சொல்லாத. அதாண்ட போய் சொல்லு."

சனிக்கிழமை பஸ் பிடித்துப் பெரும்பாக்கம் போனேன். நம் தெருவில் கால்வாய்க் கரை வீடுகளை அரசாங்கம் காலி செய்தபோது செல்லம்மாவை அங்கேதான் போட்டார்கள், ஐந்தாவது மாடி. லிப்ட் ஓடவில்லை. அறுபது தாண்டிய முட்டியோடு ஏறி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை.

"அந்தக் கல்யாணத்தன்னிக்கி நீ உள்ள மேடை கட்டிகினு இருந்த. நான் எங்கூட்டு ஜன்னலாண்ட நின்னு மேளம் கேட்டுகினு இருந்தேன். அந்தப் பொண்ணுக்கு மொத மொதல்ல தல வாரிப் பூ வச்சி உட்டது நானு. தாலி கட்றத பாக்கல. அத எப்படிக்கா திருப்பிக் குடுப்ப?"

பத்திரிகையை எடுத்து, குங்குமம் வைத்து, உன் கல்யாணத்துக்கு வரச் சொல்லிக் கொடுத்தேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள், குடித்துவிட்டு இறங்கினேன். துலுக்காணத்துக்கும் பத்திரிகை வைத்திருக்கிறேன். இரண்டு பேரும் வந்தால் ஒரே மண்டபத்தில், அந்த மேடைக்கு எதிரில்தான் உட்காருவார்கள். எந்த மேடைக்கு எதிரில் உட்காரப்போகிறார்கள் என்பதுதான் இப்போது என் கேள்வி, பிரபு. வெட்கத்தை விட்டு அவர்களைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தவளை, இந்தா இதுதான் அந்தப் பச்சைக்கல், இலைக்குக் கீழே பாருங்கள் என்று காட்டவைக்கப்போகிறாயா?

நீ இதற்குப் பதில் வைத்திருப்பாய். நேற்று போனில் சொன்னாயே, "இது அந்த பழைய ஸ்பாஞ்ச் இல்லம்மா, புது டைப்பு, மக்கும்னு பெட்டி மேலயே போட்டிருக்கான்" என்று. பெட்டியில் இலைப் படம் போட்டவன் எல்லாம் உத்தமனா? அப்படிப் பார்த்தால் உன் ஆபீஸ் சுவரில் என் படத்தைப் போட்டவன் யார்? அது மக்குகிறதா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. எத்தனை நாளில், எந்த மண்ணில், மாடு தின்றால் என்ன ஆகும் என்று விற்றவனைக் கேட்டு, அவன் சொன்னதை எழுதி வாங்கிக்கொண்டு வா. நானும் ஒரு கல்லைத் தொட்டியில் புதைத்துப் பார்க்கிறேன். பார்க்காமல் இன்னொரு தடவை நம்பமாட்டேன். மக்கினால் சங்கத்துக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொள்கிறேன், அதில் எனக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை.

பெண் வீட்டில், அதாவது நித்யா வீட்டில், எதிர்பார்ப்பார்கள் என்றாய். அந்தப் பெண்ணை ஏன் இதில் இழுக்கிறாய்? அது என்னிடம் போனில் கேட்டது ஒன்றே ஒன்று: "அத்தை, தாழம்பூ மட்டும் வேணாம், எனக்குத் தும்மல் வரும், தாலி கட்றப்ப தும்மினா நல்லாருக்காது." தாழம்பூ வராது என்று சொல்லிவிட்டேன். மற்றபடி எதிர்பார்ப்பு முழுக்க உன்னுடையது. உன் கஸ்டமர்கள் முன்னால் சின்னதாகத் தெரிந்துவிடுவோமோ என்ற பயம். அந்தப் பயத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, அதே பயத்தில்தான் நானும் ஒரு பொம்பளை அழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பயம் வந்தால் தப்பில்லை. அதன் பேச்சைக் கேட்டு நடந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் மேலே இவ்வளவு நீளத்துக்கு எழுதியிருக்கிறேன்.

என்னிடம் விட்டால் என்ன கட்டுவேன் என்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு அம்மா வெறும் வாய்தான் என்று சொல்லாதே. ஆவணி மாதம். சம்பங்கி நன்றாக வரும், மஞ்சள் சாமந்தி வரும், கோழிக்கொண்டை ரத்தச் சிவப்பில் வரும், மரிக்கொழுந்து மணக்கும். மேடைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு இரண்டு பங்கு மூங்கில் சட்டம், அதில் கிடைமட்டமாகப் பன்னிரண்டு வாழைத்தண்டு. கீழ்த்தண்டில் சிவப்பு, மேலே போகப் போக மஞ்சள், உச்சியில் வெள்ளை. இரண்டு பக்கமும் தென்னங்குருத்தைப் பின்னித் தொங்கவிடுவேன். மணைக்கு முன்னால் அண்டாவில் தாமரை, மொட்டாக வைத்து முகூர்த்த நேரத்துக்கு நானே இதழ் மடிப்பேன். ரிசப்ஷனுக்குப் போட்ட பூவில் வாடியதை விடியற்காலையில் மாற்ற ஆறு பேரை நிறுத்தியிருக்கிறேன். இதற்கு முன்னால் யாருக்கும் இவ்வளவு பெரிதாகக் கட்டியதில்லை. உன் கஸ்டமர்கள் பார்த்துவிட்டு இது சின்னது என்று சொன்னால், அவர்களை என்னிடம் அனுப்பு.

இல்லை, அந்த ஊதாச் சுவர்தான் வேண்டும் என்றால், உன் கல்யாணம், உன் இஷ்டம். வேறு ஆளை வைத்துக் கட்டிக்கொள். நம் ஷெட்டிலிருந்து ஒரு ஆள் வரமாட்டான், ஒரு கயிறு வராது. என் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிக் கொடுத்துவிடு. கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன் என்றெல்லாம் மிரட்டமாட்டேன், அப்படிப்பட்ட அம்மா நான் இல்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பேன். வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுப்பேன், நித்யா வீட்டாரைக் கவனிப்பேன், நீ தாலி கட்டும்போது அட்சதை போட்டுவிட்டு எல்லாரையும்விட அதிகமாக அழுவேன். அதில் ஒரு குறையும் இருக்காது.

அட்சதை போட்ட கையோடு மேடைக்குப் பின்னால் போவேன். ஒரு பாயை விரித்து, பட்டுப்புடவையோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தச் சுவரிலிருந்து ஒவ்வொரு கல்லாக இறக்குவேன். ஒவ்வொரு பூவாக உருவுவேன். கம்பி ஒரு பக்கம், டேப் ஒரு பக்கம், ஸ்பாஞ்ச் ஒரு பக்கம். எத்தனை மணி நேரம் ஆனாலும் சரி, ஒரு துணுக்கு கால்வாய்க்கும் போகாது, ஒரு மாட்டின் வாய்க்கும் போகாது. சாப்பிட்டு வருகிறவர்கள் பார்ப்பார்கள். மாப்பிள்ளையின் அம்மா இங்கே உட்கார்ந்துகொண்டு என்ன செய்கிறீர்கள் என்று யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள். என் மகன் போட்டதைப் பொறுக்குகிறேன் என்று சொல்வேன். பக்கத்தில் உனக்கும் இடம் விட்டுத்தான் பாய் விரிப்பேன்.

அம்மா
மந்தைவெளி ஷெட்டிலிருந்து